ஆசிட் தொட்டியருகே கூடிய வாரியம்

வெங்கலம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. குரல் வாங்கிக் கொடுத்த பெயர். தெருக்கோடியில் நின்று அவர் மனைவியைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் யாரோ ஒருத்தி, "இதோ வர்றேன்" என்பாள். இரும்புக் கம்பங்களுக்குத் துத்தநாகம் பூசும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்ததே அந்தக் குரலால்தான்.

துத்தநாகம் ஒட்ட வேண்டுமானால் முதலில் இரும்பின் துரு போக வேண்டும். துரு போக, சூடான கந்தக அமிலம் நிரம்பிய நீளத் தொட்டியில் கம்பங்களை முக்கி எடுக்க வேண்டும். ஆசிட் தொட்டி என்பார்கள். அதன் கரையில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரரை அண்ணாந்து பார்த்து, "தூக்கு! இறக்கு! நிறுத்து!" என்று கத்துவதுதான் வெங்கலத்தின் வேலை. பத்தொன்பது வருடமாக அந்த மூன்று சொல்லுக்குத்தான் தொழிற்சாலை அவருக்குச் சம்பளம் தந்தது. மற்ற சொற்களையெல்லாம் அவர் வீட்டில் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொட்டியிலிருந்து நாள் முழுக்க வெள்ளை ஆவி எழும். கண் கரிக்கும், பல் கூசும். புதிதாக வருகிறவர்கள் இருமினால் மேஸ்திரி, "பழகிடும்" என்பார். பழகித்தான் போனது. சட்டையில் ஓட்டை விழுந்தால் அது ஆசிட். தொண்டையில் ஏதாவது வந்தால் அது வயசு. இதுதான் தொழிற்சாலையின் நிலைப்பாடு.

ஒரு நாள் வெங்கலம் "தூக்கு" என்றார்; காற்றுதான் வந்தது. அன்று முழுக்க ஒரு கம்பியால் தொட்டியின் விளிம்பைத் தட்டிச் சமாளித்தார். ஒரு தட்டு என்றால் தூக்கு, இரண்டு தட்டு என்றால் இறக்கு. கிரேன்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டி, "என்னப்பா, மௌன விரதமா?" என்று கேட்டார்.

வீட்டில், முதல் வாரம் அவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து மனைவியும் பேசாமல் இருந்தாள். இரண்டாவது வாரம், வீடு இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று ரசித்தாள். மூன்றாவது வாரம் பயந்தாள். தையல் வேலை செய்கிறவள். ஒரு நூல் இழுத்தால் போதும், துணி எங்கே கிழியப் போகிறது என்று சொல்லிவிடுவாள். அவர், "சரியாயிடும்" என்று இன்னும் ஏழு வாரம் கிசுகிசுத்துப் பார்த்தார். பத்தாவது வாரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"சிகரெட் உண்டா?"

வெங்கலம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுங்க" என்றாள் மனைவி. "கெட்ட பழக்கம்னா ஒண்ணே ஒண்ணுதான், பாடுவாரு."

"என்ன வேலை?"

"ஆசிட் தொட்டிங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "குரல் நாண்ல சின்னதா ஒரு வளர்ச்சி தெரியுது. உள்ள குழாய் விட்டுப் பாத்து, துளி சதை எடுத்துப் பரிசோதிச்சாதான் என்னன்னு சொல்ல முடியும். வருஷக்கணக்கா ஆசிட் ஆவியில நிக்கறவங்களுக்குத் தொண்டையில புற்றுநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். இது அதுதான்னு சொல்லல. இல்லைன்னு தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். சீக்கிரம் பாத்தா குணமாக்கிடலாம். ஆனா உங்க தொழிற்சாலைக்காரங்களுக்கு அதை வாரிய மருத்துவமனையிலதான் செய்யணும்னு விதி. ஏற்பு ஆணை வாங்கிட்டு நேரா அங்க போங்க. தள்ளிப்போடாதீங்க."

வாரியம் என்றால் தொழில்வழி நோய் ஏற்பு வாரியம். வேலையால் வந்த நோய்களை ஆராய்ந்து ஏற்றுக்கொள்வதற்காக முப்பத்தொரு வருடங்களுக்கு முன் தொடங்கப்பட்டது. இதுவரை ஒரு நோயைக்கூட ஏற்றதில்லை. நான்கு மாடிக் கட்டடம், வாசலில் பளிங்குப் பலகை: "உங்கள் குரலுக்குச் செவிசாய்க்கிறோம்."

அங்கே புகார்களை வாய்மொழியாக மட்டுமே சொல்ல வேண்டும். காகிதத்தை மிச்சப்படுத்த எடுத்த முடிவு அது. வாயால் சொன்னதை எழுத்தர் நான்கு பிரதிகளில் எழுதிக்கொள்வார்.

"சத்தமா சொல்லுங்க, காதுல விழல" என்றார் எழுத்தர்.

வெங்கலம் இன்னொரு முறை காற்றை விட்டார்.

"அதுதாங்க புகாரே" என்றாள் மனைவி.

"நீங்க பேசக் கூடாதும்மா. பாதிக்கப்பட்டவர்தான் சொல்லணும்."

"பாதிக்கப்பட்டது தொண்டைங்க."

"அப்ப தொண்டைதான் சொல்லணும்."

கடைசியில் எழுத்தர் எழுந்து வந்து, வெங்கலத்தின் வாயருகே காதை வைத்து, முக்கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதினார். நல்ல மனிதர். இருபத்திரண்டு வருடமாக நிராகரிப்பு ஆணைகளையே எழுதி எழுதி அவருடைய கையெழுத்தே பின்பக்கம் சாய்ந்து போயிருந்தது.

அடுத்து படிவம். 'விண்ணப்பதாரர் புகைப்பவர் / புகைத்தவர் / புகைக்க இருப்பவர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே நோய்க்கான காரணங்கள்: மது, உரத்த பாட்டு, மேடைப் பேச்சு, மனைவியுடன் வாக்குவாதம்.

மனைவி மேலும் கீழும் தேடினாள். "வேலைன்னு ஒரு கட்டம் இல்லைங்களே?"

"இது தொழில்வழி நோய் வாரியம்மா. இங்க எல்லாமே வேலையைப் பத்தினதுதானே. அதுக்குத் தனியா ஒரு கட்டம் எதுக்கு?"

"அப்ப எதுல குறி போடறது?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "மனைவியுடன் வாக்குவாதம். பெரும்பாலும் அதைத்தான் போடுவாங்க. அதை யாரும் மறுத்ததில்ல."

அவள் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் தானே ஒரு கட்டம் வரைந்து, 'ஆசிட் தொட்டி' என்று எழுதி அதில் குறி போட்டாள். வாரியத்தின் வரலாற்றில் படிவத்துக்கு நேர்ந்த முதல் காயம் அது.

முன்பு குரல் இருந்ததற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். கிரேன்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார். "இவன் 'தூக்கு'ன்னா என் கூண்டுக் கண்ணாடி அதிரும் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதிர்ந்த கண்ணாடியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றதும், 'சாட்சி உணர்ச்சிவசப்பட்டார்' என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு வாரியத்தின் ஆய்வாளர் தொழிற்சாலைக்கு வந்தார். திடீர்ச் சோதனை. எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திடீரென்று வரப்போகிறார் என்பதைப் பதினொரு நாள் முன்னதாகவே தொழிற்சாலைக்கு எழுதித் தெரிவித்திருந்தார். மேலாளர் தொட்டியை வடித்துவிட்டு, கரையில் வெள்ளையடித்து, நான்கு பூந்தொட்டிகளை வைத்தார். ஆய்வாளர் வாசலிலேயே மூக்கும் வாயும் மூடும் பெரிய முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முகமூடியைக் கழற்றாமலே மூன்று இடங்களில் மோந்து பார்த்தார். 'நெடி எதுவும் இல்லை' என்று எழுதினார். காற்றை அளக்கும் கருவி ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதை மேலாளரின் குளிர்சாதன அறையில் வைத்து அளந்தார். அளவு திருப்திகரமாக இருந்தது.

வெங்கலம் அவருடைய முகமூடியைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் வெறும் முகத்தைக் காட்டினார்.

"அது எங்க பாதுகாப்புக்கு" என்று ஆய்வாளர் விளக்கினார். "நாங்க பல இடத்துக்குப் போறவங்க. ஆபத்து அதிகம். நீங்க ஒரே இடத்துலதானே நிக்கறீங்க?"

இதற்குள் இன்னும் ஐந்து வாரம் ஓடிவிட்டது. சாப்பிடும்போது தொண்டையில் ஏதோ குத்தியது. வெங்கலம் அதைச் சொல்லவில்லை. சோற்றை அவர் மெதுவாக விழுங்குவதை மனைவி பார்த்துவிட்டாள். வெட்டிக்கொண்டிருந்த துணியைத் தவறாக வெட்டினாள். அவள் அப்படி வெட்டி அவர் பார்த்ததே இல்லை.

விசாரணை நாள் வந்தது. வாரியத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். தலைவருக்குப் பேச்சு என்றால் உயிர். காலை வணக்கம் சொல்லவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

"அன்பர்களே" என்று ஆரம்பித்தார், எதிரே இருந்தது இரண்டு பேர் என்றாலும். "முப்பத்தொரு ஆண்டுகளில் நம் வாரியம் ஒரு நோயைக்கூட ஏற்கவில்லை. இதன் பொருள் என்ன? நம் தொழிற்சாலைகளில் நோய் இல்லை என்பதுதானே! நான் பதவிக்கு வந்தபோது மேசையில் நானூறு மனுக்கள் இருந்தன. இன்று நாற்பதுதான். மீதிப் பேர் என்ன ஆனார்கள்? மறுபடி வரவே இல்லை. திருப்தி அடையாமல் ஒருவர் வராமல் இருப்பாரா?"

மனைவி எழுந்தாள். "சார், அவங்கள்லாம் செத்துருப்பாங்க சார்."

"பாதிக்கப்பட்டவர் மட்டுமே பேசலாம்" என்றார் வலது உறுப்பினர்.

"அப்ப செத்தவங்களே வந்து சொல்லணுமா? ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரம், அந்தத் தொட்டிகிட்ட வந்து நில்லுங்க சார். தொட்டி சூடா இருக்கறப்ப. அப்புறம் என்ன வேணா எழுதிக்குங்க."

தலைவர் சிரித்தார். அந்த ஆண்டறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது அவருக்கு நினைவு வந்தது. "வருகிறேன், தாயே! வாரியமே வரும். அடுத்த அமர்வு அந்தத் தொட்டியின் கரையிலேயே நடக்கும். வழக்கம்போல வேலை ஓடட்டும். ஒரு கம்பம்கூட நிற்கக் கூடாது. நான் அங்கே நின்று பேசப் போகிறேன். உலகம் பார்க்கட்டும்!"

மேலாளருக்குச் செய்தி போனபோது முகம் வெளுத்தது. ஓடிவந்து தலைவரிடம், "ஐயா, தொட்டியை வடிச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

"ஏன்? தொட்டியால் ஏதாவது ஆபத்து உண்டா?"

மேலாளர் பதினெட்டு வருடமாகக் கையெழுத்திட்ட பாதுகாப்புச் சான்றிதழ்களையெல்லாம் ஒரு நொடி நினைத்துப் பார்த்தார். "ஆபத்தெல்லாம் எதுவும் இல்லைங்க ஐயா" என்றார்.

அன்று காலை தொட்டியின் கரையில் மேசை போட்டு, விரிப்பு விரித்து, ஒலிபெருக்கி வைத்தார்கள். எழுத்தரும் வெங்கலத்தின் மனைவியும் தள்ளி, வாசலருகே நின்றார்கள். தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். முகமூடி வேண்டுமா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, "முகமூடி போட்டால் படத்தில் முகம் எப்படித் தெரியும்?" என்றார். வெங்கலம் தன் இடத்தில் நின்று கம்பியால் ஒரு தட்டு தட்டினார். கிரேன்காரர் ஒரு கட்டுக் கம்பங்களைத் தூக்கினார். கொதிக்கிற அமிலம் சொட்டச் சொட்ட, வெள்ளை ஆவி குபுகுபுவென்று மேசைப் பக்கம் வந்தது.

"அன்பர்களே!" என்று தலைவர் மூச்சை நன்றாக இழுத்து ஆரம்பித்தார்.

முதல் பத்து நிமிடம் கம்பீரமாகப் போயிற்று. பதினைந்தாவது நிமிடம் இடது உறுப்பினர் கண்ணைத் துடைத்தார். பேச்சில் உருகிவிட்டார் என்று தலைவர் நினைத்து, அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். இருபதாவது நிமிடம் வலது உறுப்பினர் இருமத் தொடங்கி, தண்ணீர்க் குவளையைத் தேடி, விரிப்பின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் விழுந்திருப்பதைப் பார்த்தார். அவருக்கு இருமல் அதிகமாகிவிட்டது.

"நம் தொழிலாளி நெஞ்சை நிமிர்த்தி மூச்சு விடுகிறான்" என்றார் தலைவர். "இந்தக் காற்று, இது உழைப்பின் காற்று. இதைச் சுவாசிக்க நான் அஞ்சவில்லை. நா... நான்..."

நாற்பதாவது நிமிடம் ஒலிபெருக்கியில் கரகரப்பு வந்தது. ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். கோளாறு ஒயரில் இல்லை. தலைவரின் வாய் அசைந்தது, கை உயர்ந்தது, குரல் மட்டும் இல்லை. அப்போதும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் இருபது நிமிடம் ஓசையில்லாமல் பேசி முடித்தார். அவருடைய பேச்சுகளிலேயே சிறந்தது அதுதான் என்று அங்கிருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

வெளியே ஆம்புலன்ஸ் நின்றது. மூன்று பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஓட்டுநர் கதவைச் சாத்துமுன் கேட்டார்: "வாரிய மருத்துவமனைக்குத்தானே? ஏற்பு ஆணை இருக்குங்களா? இல்லாட்டி உள்ள விடமாட்டாங்க."

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தொட்டியைப் பார்த்தார். வாரியம் அங்கேயே, ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில், அவசரமாகக் கூடியது. தலைவர் கையசைத்தார், இரண்டு உறுப்பினர்களும் இருமி ஆமோதித்தார்கள். எழுத்தர் முழங்காலில் தாளை வைத்து எழுதினார். ஏற்பு ஆணை எழுதி அவருக்குப் பழக்கமில்லை. 'இத்தொட்டியின் அருகே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நின்றதால் தொண்டை பாதிக்கப்பட்ட எவரும் உடனடியாகச் சிகிச்சைக்கு ஏற்கப்படுவார்' என்று எழுதி நீட்டினார். கண்ணில் நீர் வழிய, தலைவர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

மனைவி எழுத்தரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவரும்னா எவரும்தானே சார்?"

எழுத்தர் பேனாவை மூடினார். "இலக்கணப்படி ஆமாம்மா."

அவள் வெங்கலத்தின் முதுகில் கை வைத்து அதே ஆம்புலன்ஸில் ஏற்றினாள். இடம் கொஞ்சம் நெருக்கடிதான். தலைவர் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் தலைவருக்கு மூன்று டாக்டர்கள் வந்தார்கள். தொண்டை வெந்திருக்கிறது, இரண்டு வாரம் பேசக் கூடாது என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் வாரியத்தின் வேலைகள் என்றுமில்லாத வேகத்தில் நடந்தன.

வெங்கலத்துக்கு மறுநாளே குழாய் விட்டுப் பார்த்து, துளி எடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து ஓர் இளம் டாக்டர் அவர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"புற்றுநோய்தான். ஆனா குரல் நாண்லயே நிக்குது, வேற எங்கயும் பரவல. கதிர் சிகிச்சை கொடுத்தா குணமாகறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னும் சில மாசம் விட்டிருந்தா பேச்சே வேற."

வெங்கலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி, "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் பேச வேணாம்" என்றாள். அவரால் பேச முடியாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்து போயிருந்தது.

ஆறு வாரம், ஞாயிறு தவிர தினமும் போனார்கள். கழுத்துத் தோல் கறுத்தது. தண்ணீர் விழுங்கவே கண்ணீர் வந்தது. இதற்கிடையில் தலைவருக்குக் குரல் திரும்பியது. வாரியம் ஒரு திருத்தம் வெளியிட்டது: 'ஆணையில் எவரும் என்று இருப்பதைத் தலைவர் என்று படிக்கவும்.' அது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது வெங்கலத்தின் சிகிச்சையில் இரண்டு நாள்தான் பாக்கி. இளம் டாக்டர் அதைப் படித்துப் பார்த்து, கோப்பின் அடியில் வைத்துவிட்டு, அந்த இரண்டு நாளையும் முடித்தார். பிறகு பார்த்ததில் வளர்ச்சி போயிருந்தது. மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார்.

ஆண்டறிக்கையில் அந்த வருடம் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்தது. 'ஏற்கப்பட்ட நோய்கள்: ஒன்று. பாதிக்கப்பட்டவர்: தலைவர். எடுக்கப்பட்ட நடவடிக்கை: தலைவர் இனி அத்தொட்டியருகே செல்லாதபடி பார்த்துக்கொள்ளப்படும்.'

தொழிற்சாலையில் வெங்கலத்தின் இடத்தில் நிற்க ஆள் வரவில்லை. வெள்ளை ஆவியில் வாரியமே வெந்துபோன கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. ஒன்பது நாள் கம்பங்கள் துருவோடு கிடந்தன. பத்தாம் நாள் மேலாளர் தொட்டிக்கு மூடியும், ஆவியை இழுத்து வெளியே தள்ளும் பெரிய விசிறியும் போட்டார். அதற்கு ஆன நேரம் ஒரு பகல்.

வெங்கலத்துக்குக் குரல் வந்தது. பழைய வெண்கலம் இல்லை. ஓட்டைத் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு குரல். ஆனால் சொல் வந்தது. அவருக்கு இப்போது சரக்கு அறையில் வேலை.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் கிரேன்காரர் அவர் வீட்டுக்கு வந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எழுகிற ஆவியெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இத்தனை வருடமாக யாரும் யோசித்ததில்லை. அது நேரே கூண்டுக்குத்தான் போயிருந்தது. வெங்கலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எத்தனை வாரமாச்சு?" என்றார். கிரேன்காரர் நான்கு விரலைக் காட்டினார். "நல்லவேளை. நான் பத்து வாரம் சும்மா இருந்தேன்."

வாரியத்தில் விதி கொஞ்சம் தளர்ந்திருந்தது. பேச முடியாதவர் சார்பில் இனி இன்னொருவர் பேசலாம். ஆனால் அவர் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும். எழுத்தர் புதுப் படிவத்தை எடுத்துவைத்து, கிரேன்காரரையும் வெங்கலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவருக்கு நீங்க என்ன உறவு?"

"ஒரே தொட்டிங்க" என்றார் வெங்கலம்.

எழுத்தர் பக்கத்து அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே தலைவர் யாருக்கோ காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரியா காதுல விழல. ஒரே தொட்டில்னா சொன்னீங்க?"

வெங்கலம் வாயைத் திறந்தார், மூடினார். எழுத்தர் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்: 'ஒரே தொட்டிலில் வளர்ந்தவர்கள். உடன்பிறந்தவர்.'

"அண்ணனா, தம்பியா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணன்" என்றார் வெங்கலம். தகரக் குரல்தான். ஆனாலும் அறைக் கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.